கரையாத சோப்பு

என் பணி நிறைவு விழாவில் நீங்கள் மூவரும் மைக்கை நீட்டி, "மேடம், புதுசா சேர்ந்திருக்கற எங்களுக்கு ரெண்டு வார்த்தை" என்றீர்கள். என் ஒரு கையில் கேக், கழுத்தில் ரோஜா மாலை. அந்தக் கோலத்தில் யாருக்கும் புத்திமதி வராது. வந்தாலும் கேட்கிறவர்களின் கண் சமோசாத் தட்டில்தான் இருக்கும். நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அந்த இரண்டு வார்த்தையை இப்போது எழுதித் தருகிறேன். எனக்குச் சுருக்கமாகப் பேச வராது என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், ஆகவே கொஞ்சம் நீளும்.

நம் அறக்கட்டளையின் வரலாற்றை உங்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அதில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாம் பெரியவர் என்று கூப்பிடும் நம் நிறுவனர், ஓசூரில் ஒரு தகரக் கொட்டகையில் ஒற்றை லேத் மெஷினோடு தொழில் தொடங்கியவர். தொழில் கொஞ்சம் தலையெடுத்த காலத்தில் அவரிடம் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் ஒன்றாக மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார்கள். காரணம் தேடிப் பார்த்தால், அவர் கட்டிய கழிவறைக் குழி கசிந்து அவர் கட்டிய தண்ணீர்த் தொட்டியில் கலந்திருக்கிறது. எல்லோரும் பிழைத்தார்கள். ஆனால் அந்தத் தொட்டியை அவர் மறக்கவேயில்லை. பிற்காலத்தில் கம்பெனியை நல்ல விலைக்கு விற்றபோது வந்ததில் பாதியை இந்த அறக்கட்டளையில் போட்டார். வீட்டில் கேட்டதற்கு, "பாதி என் குடும்பத்துக்கு, பாதி ஊர் வயித்துக்கு" என்று சொன்னாராம்.

நான் விருதுநகர்க்காரி. நர்ஸ் படிப்பு படித்தவள், கணவருக்கு இங்கே வேலை கிடைத்ததால் ஓசூருக்கு வந்து சேர்ந்தவள். அறக்கட்டளையில் கள அலுவலராகச் சேர்ந்த முதல் மாதமே பெயர் வாங்கினேன். ஒரு பஸ் நிறுத்தத்தில் நாம் கட்டிய பெண்கள் கழிவறைக்கு 'பெண்கள்' என்று தமிழில் மட்டும் எழுதிவைத்தேன். இந்தப் பக்கம் பாதிப் பேர் கன்னடம், பாதிப் பேர் தெலுங்கு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சரி, படம் வரையச் சொல்லுவோம் என்று ஒரு பெயின்டரைப் பிடித்தேன். அவர் மூக்குத்தி, ஜிமிக்கி, பட்டுப் புடவை எல்லாம் வைத்து அவ்வளவு அழகான பெண்ணை வரைந்துவிட்டார். அடுத்த வாரம் ஒரு அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "புருவம் திருத்த எவ்வளவு வாங்கறீங்க?" என்று கேட்டார். பெரியவர் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தார். தப்பு செய்தால் இங்கே யாரும் தலையை வாங்க மாட்டார்கள் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தைரியம் பின்னால் உதவியது.

இனி சூளகிரிக் கதை.

அங்கே நெடுஞ்சாலையை ஒட்டிய தொழிற்பேட்டையில், கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டித் தரும் தொழிற்சாலை ஒன்று. பெயர் வேண்டாம், ஏனென்றால் இதில் வில்லன் யாரும் கிடையாது. ஒவ்வொரு லைனிலும் நாற்பது பெண்கள் வரிசையாக நிற்பார்கள். பெரிய பலகைகள் அவர்கள் முன்னால் மெல்ல நகர்ந்துபோகும். ஒருத்தி சிவப்பு வயரைப் பொருத்துவாள், அடுத்தவள் நீலத்தைப் பொருத்துவாள், அதற்கடுத்தவள் டேப் சுற்றுவாள். பலகை யாருக்காகவும் நிற்காது.

அங்கேதான் மஞ்சுளாவைப் பார்த்தேன். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு ஊர், வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், சூப்பர்வைசரைத் திட்டுவதற்கு மட்டும் கன்னடம். துறுதுறுப்பான பெண். ஆனால் ஒரே வருஷத்தில் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து, இரண்டாவது முறை காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு தடவை இப்படி வந்தால் கிட்னிக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை நீண்ட லீவு எடுத்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவள் சம்பளத்தில்தான் தங்கை நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். மஞ்சுளா மட்டுமில்லை, அந்தத் தொழிற்பேட்டைப் பெண்கள் பலர் இதே தொல்லையோடு வருகிறார்கள் என்று டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

நான் நேரே போய் அந்தத் தொழிற்சாலையின் பழைய கழிவறையைப் பார்த்தேன். தாழ்ப்பாள் இல்லை, வெளிச்சம் இல்லை, நாற்றம் மட்டும் குறைவில்லாமல் இருந்தது. நோய்க்குக் காரணம் பிடிபட்டுவிட்டது என்று குதித்தேன். பெரியவர் யோசிக்கவே இல்லை. "கட்டிடு. நம்ம வீட்டுப் பொண்ணு போற மாதிரி கட்டு" என்றார்.

கட்டினோம். எட்டு அறைகள், எல்லாவற்றிலும் நல்ல தாழ்ப்பாள், காற்று வர உயரத்தில் ஜன்னல், முகம் பார்க்கப் பெரிய கண்ணாடி, கைகழுவும் தொட்டிகளுக்கு மேல் வரிசையாகக் கொக்கிகள். தொட்டிக்கொரு சந்தன சோப்பு. என் வீட்டுக் குளியலறையில் கூட அவ்வளவு நல்ல டைல்ஸ் கிடையாது.

இந்தச் செய்தி எப்படியோ கடல் தாண்டிவிட்டது. பல நாடுகளில் தொழிலாளர்களின் உடல்நலத்துக்குப் பணம் போடும் ஒரு வெளிநாட்டு நிதியம் எங்களுடன் சேர விரும்பியது. பெரியவரும் அவர்களும் சேர்ந்து இதே கட்டடத்தை எத்தியோப்பியா, பங்களாதேஷ், கென்யா என்று பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் எல்லாம் கட்டுவது என்று பேச்சு. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: பெண்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு ஆதாரம்.

அதற்கு ஒரு சின்னப் பெட்டி அனுப்பினார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். ஒவ்வோர் அறையின் கதவிலும் மாட்டச் சொன்னார்கள். நான் முடியாது என்றேன். உள்ளே போகிற பெண் தலைக்கு மேல் மினுக்குகிற பெட்டியைப் பார்த்தால் கேமரா என்றுதான் நினைப்பாள், அப்புறம் ஈ காக்கை அந்தப் பக்கம் போகாது. வெளிவாசல் கதவில் மட்டும் மாட்டுவோம் என்று சொல்லி அவர்களைச் சம்மதிக்க வைத்தேன். அது சரியான முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சரியான முடிவு எடுத்துவிட்டோம் என்ற மிதப்பில் அடுத்ததைப் பார்க்காமல் விட்டதுதான் என் தப்பு.

எண்ணிக்கை வந்தது பாருங்கள், மலைத்துப்போனேன். தினம் ஒரு பெண் குறைந்தது இரண்டு முறை. மழை நாளிலும் குறையவில்லை, திங்கள்கிழமைகளில் கொஞ்சம் கூடியது. அதோடு எனக்கு இன்னொரு சந்தோஷமும் இருந்தது. எப்போது போனாலும் அந்தக் கொக்கிகள் முழுக்கப் பூச்சரங்கள் தொங்கும். கனகாம்பரம், மல்லி, சாமந்தி, நம்ம ஊர் ரோஜா. வேலை செய்யும் இடத்தில் பூவுக்கு அனுமதி இல்லை. தலைமுடி முழுக்கத் தொப்பிக்குள் போக வேண்டும், ஒரு இதழ் வயர்க் கட்டுக்குள் சிக்கினாலும் அந்தக் கட்டு வீண். முன்பெல்லாம் பூவைப் பையில் திணித்து வைப்பார்கள், சாயங்காலம் அது கசங்கிக் கறுத்துப்போயிருக்கும். இப்போது குளுகுளுவென்று கழிவறை முகப்பு இருக்கிறது, கொக்கி இருக்கிறது, தெளிக்கத் தண்ணீர் இருக்கிறது. அவரவர் சரத்தில் அடையாளத்துக்கு ஒரு கலர் நூல் கட்டி மாட்டிவிட்டுப் போவார்கள்.

கழிவறையில் பூ வைக்கிறார்கள் என்றால் அது எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்! நான் படம் எடுத்து அறிக்கையின் முதல் பக்கத்தில் போட்டேன். அதைப் பார்த்த வெளிநாட்டுக்காரர்கள் சொக்கிப்போனார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு முறை நேரில் பார்த்துவிடுகிறோம் என்று நாள் குறித்தார்கள்.

அவர்கள் வரும் நாளன்று காலையில் நான் முன்கூட்டியே சூளகிரிக்குப் போய்விட்டேன். காட்டுவதற்காக, எந்த நேரத்தில் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று மணிவாரியாக ஒரு வரைபடம் அச்சடித்து வைத்திருந்தேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம் நாள் மொத்தம்தான். வரைபடத்தில் ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் ஒரு கோபுரம், ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒரு கோபுரம், நடுவில் பொட்டல். மனசுக்குள் ஏதோ நெருடியது. 'பஸ்ஸில் வருகிறார்கள், வந்ததும் போகிறார்கள்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நமக்குப் பிடித்த எண்ணுக்குச் சமாதானம் தேட நேரமே ஆகாது.

கழிவறையைச் சுத்தம் செய்யும் பெண் அப்போது தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவள், என் வயதில் பாதிதான் இருக்கும். தன் பெயரை எதிலும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், எழுதவில்லை. என் உத்தியோகத்தில் எனக்கு வாய்த்த குரு யார் என்று கேட்டால் அவளைத்தான் கை காட்டுவேன்.

"இன்னிக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்க. புது சோப்பு எடுத்து வெச்சிடும்மா" என்றேன்.

"ஏன் மேடம்? இதுவே புதுசுதானே?"

"இது போன தடவை நான் வந்தப்ப வெச்சதாச்சே."

"நோடி மேடம், நீங்களே பாருங்க" என்று ஒரு சோப்பை எடுத்து என் கையில் வைத்தாள். அதன் மேல் பொறித்திருந்த எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. மூக்கில் வைத்துப் பார்த்தால் கடையில் வாங்கிய வாசனை அப்படியே இருந்தது. "மூணு வாரமா கரையல. கரைஞ்சாத்தானே புதுசு வெக்கணும்?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. "சாப்பாட்டுக்கு முன்னாடி கை கழுவ மாட்டாங்களா?"

"அதுக்குக் கேன்டீன் வாசல்ல குழாய் இருக்குது. அரை மணி நேரம் சாப்பாடு, அதுல பாதி கேன்டீன் க்யூவுல போயிடும். இவ்ளோ தூரம் யாரு வருவாங்க? எட்டு ரூமு இருக்குது மேடம், நான் தினம் கழுவறது ரெண்டு. மத்த ஆறுல தரை நனையறதே இல்ல."

"அப்ப இத்தனை பேர் உள்ளே வர்றாங்களே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. கொக்கிகளைக் காட்டினாள். "பூ மாட்ட வர்றாங்க. சாயங்காலம் பூ எடுக்க வர்றாங்க."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். கேமராவில் படம் பிடித்து, சட்டம் போட்டு, முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டு அலைந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த நேரத்தில் மஞ்சுளா உள்ளே வந்தாள். பச்சை நூல் கட்டிய கனகாம்பரத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டு, "நல்லாருக்கீங்களா மேடம்?" என்றாள். அவள் பையில் தண்ணீர் பாட்டில் எட்டிப் பார்த்தது. முழுதாக இருந்தது.

"இதைச் சாயங்காலத்துக்குள்ளே குடிச்சிடுவியா?"

"குடிக்கறன் மேடம்."

"மஞ்சுளா, நான் நர்ஸு. தண்ணி குடிக்காம அடக்கி வெச்சாலே இந்தத் தொற்று வரும்னு எனக்குத் தெரியும். என்கிட்ட பொய் சொல்லாதே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "குடிச்சா போவணும்ல மேடம்? கை தூக்குனா லைன்ல செவப்பு லைட்டு எரியும். லைன் நின்னுடும். நாப்பது பேரும் திரும்பிப் பாப்பாங்க. டார்கெட் கொறஞ்சா எல்லாருக்கும் திட்டு. என்னால அவங்க ஏன் திட்டு வாங்கணும்? அதான் யாருமே குடிக்கறதில்ல. பாத்ரூம் சூப்பரா இருக்குது மேடம், அதுல ஒண்ணும் கொறையில்ல." வாசல் வரை போனவள் திரும்பி வந்து, "நான் சொன்னன்னு சொல்லிடாதீங்க மேடம், அடுத்த மாசம் எனக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கணும்" என்றாள். மணி அடித்தது, ஓடிவிட்டாள்.

நான் அந்தச் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வருகிறவர்கள் ஏற்கெனவே ஓசூரில் பெரியவரோடு காரில் ஏறியிருப்பார்கள். எனக்கு இருந்தது அரை மணி நேரம்.

ஒளிக்காமல் சொல்கிறேன், என் முதல் எண்ணம் சும்மா இருந்துவிடலாம் என்பதுதான். வரைபடத்தைப் பைக்குள் போட்டுவிட்டால் போதும். நாள் மொத்தம் பொய் இல்லை, கதவு நிஜமாகவே அத்தனை முறை திறந்தது. பூ நிஜம், சுத்தம் நிஜம். கையெழுத்தாகட்டும், பிறகு மெல்லச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் யாராவது ஒருநாள் சோற்றைக் கிளறத்தான் செய்வார்கள். அதைவிட, நான் பேசாமல் இருந்தால் பல நாடுகளில் தாழ்ப்பாளும் கண்ணாடியுமாக நல்ல நல்ல கட்டடம் எழும்பும், அவற்றின் வாசலில் மஞ்சுளாக்கள் நாக்கு வறண்டு நிற்பார்கள். இந்த மஞ்சுளாவோ அடுத்த காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் இருப்பாள். எனக்குப் பயமாக இருந்தது, வெட்கமாக இருந்தது. கைபேசியை எடுத்துப் பெரியவரைக் கூப்பிட்டேன்.

"ஐயா, பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"வண்டியில பக்கத்துலயே உக்காந்திருக்காங்கம்மா சாந்தி. அவங்களுக்குத் தமிழ் தெரியாது. நான் சிரிச்ச முகமாவே கேக்கறேன், நீ சொல்லு."

"நாம கழிவறைக்குப் போனவங்களை எண்ணலை ஐயா. பூவை எண்ணியிருக்கோம்." சோப்பு, பொட்டல், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கொட்டினேன். யார் சொன்னது என்பதை மட்டும் விழுங்கினேன்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, வண்டியில் இருந்தவர்களும் காரணம் தெரியாமல் கூடச் சிரிப்பது கேட்டது. "யாரு சொன்னாங்கன்னு என்கிட்டயும் சொல்லாதே" என்றார். "நான் வந்து, எனக்குத் தெரியாத மாதிரி நானே தெரிஞ்சுக்கறேன்."

வந்தார். கூட மூன்று பேர். அவர்களில் தலைவி கென்யாவைச் சேர்ந்த ஒரு டாக்டர் அம்மா, ஒட்ட வெட்டிய நரைமுடி, நல்ல கணீர்க் குரல். நேரே கழிவறைக்குப் போவோம் என்று தொழிற்சாலை மேலாளர் வழிகாட்டினார். பெரியவர், "முதல்ல லைனைப் பாத்துடுவோம், லேத் ஓட்டுன கை அரிக்குது" என்று அந்தப் பக்கம் நடந்துவிட்டார். எழுபது தாண்டிய மனிதருக்கு நீலத் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டார்கள், காது இரண்டும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. லைன் முழுக்கக் களுக்கென்று சிரித்தது.

மஞ்சுளாவின் இடத்துக்கு அவர் தற்செயலாகத்தான் வந்தார், நான் கண்ணைக்கூடக் காட்டவில்லை.

"ஏம்மா, நீ கொஞ்சம் போயிட்டு வா. உன் எடத்துல நான் நிக்கறேன்."

"எங்கே போவணும் ஐயா?"

"உனக்கு எங்க போவணுமோ அங்க போ."

லைன் சூப்பர்வைசர் சரவணன், தேனிப் பக்கத்துப் பையன், முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "ஐயா, லைன் ஓடிக்கிட்டு இருக்கு" என்றான். "ஓடட்டும் தம்பி, அதான் நான் நிக்கறேனே" என்றார் பெரியவர். மஞ்சுளா என்னைப் பார்த்தாள், சரவணனைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். அப்புறம் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள்.

பலகை வந்தது. பெரியவர் சிவப்பு வயரை நீலத்தின் இடத்தில் சொருகினார். அதைப் பிடுங்குவதற்குள் அடுத்த பலகை வந்துவிட்டது. டேப் வயரில் சுற்றாமல் அவர் விரலில் சுற்றிக்கொண்டது. மூன்றாவது பலகை வந்தபோது கையைத் தூக்கிவிட்டார். சிவப்பு லைட் எரிந்தது, லைன் நின்றது, நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தம்பி, எல்லாரும் ஏன் இப்பிடிப் பாக்கறாங்க?"

"லைன் நின்னா டார்கெட் போயிரும் ஐயா. அதான்." சரவணன் உள்ளதைத்தான் சொன்னான். "எனக்கும் மேலருந்து திட்டு விழும்."

"அப்ப இவங்கள்லாம் எப்பதான் போவாங்க?"

மேலாளர் கூரையைப் பார்த்தார். அப்போது லைனின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. முகம் தெரியவில்லை.

"வீட்டுக்குப் போயித்தான் ஐயா போவோம்!"

சிரிப்பு வெடித்தது. வருஷக்கணக்காக அடக்கிவைத்திருந்த ரகசியத்தை யாரோ ஒருத்தி போட்டு உடைத்ததும் நாற்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சரவணனும் சிரித்துவிட்டான். இனி யார் சொன்னது என்று யாரைப் பிடிப்பது? மொத்த லைனும் சொல்லிவிட்டதே. அந்த நிமிஷம் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பெரியவர் தன் ஓசூர் இங்கிலீஷில் டாக்டர் அம்மாவுக்கு அதைச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "அப்படியானால் அந்தப் பெட்டி எண்ணியது எதை?" என்று கேட்டார். நான் எல்லோரையும் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொக்கிகளைக் காட்டி, "இவற்றை" என்றேன். வரைபடத்தைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

அவர் இரண்டு கோபுரத்தையும் நடுவிலிருந்த பொட்டலையும் ரொம்ப நேரம் பார்த்தார். பூக்களைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், டைல்ஸ் அதிர்ந்தது. அவர் ஊர்த் தொழிற்சாலைகளிலும் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லையாம். இத்தனை வருஷமாகக் கழிவறை மோசம் என்பதால்தான் என்று அவரும் நினைத்திருந்தாராம். "நல்லவேளை, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வந்தேன்" என்றார். உள்ளறையிலிருந்து வெளியே வந்த மஞ்சுளா, கூட்டத்தைப் பார்த்து வெட்கப்பட்டு நின்றாள். பிறகு என்ன தோன்றியதோ, தன் கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளி டாக்டர் அம்மாவிடம் நீட்டினாள். ஒட்ட வெட்டிய முடியில் எங்கே வைப்பது? அவர் அதைக் காதில் செருகிக்கொண்டு அன்று முழுக்க அப்படியே திரிந்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது லைனில் பல கைகள் உயர்ந்திருந்தன. "ஐயா, எனக்கும் நில்லுங்க!" பெரியவரை இனி நம்ப முடியாது என்று சரவணனே தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வோர் இடமாக நின்றான். அவன் கை வேகம், ஒரு பலகைகூடத் தேங்கவில்லை. ஒருத்தி போக, ஒருத்தி வர, மத்தியானத்துக்குள் பாதி லைன் போய்வந்துவிட்டது. சிவப்பு லைட் அதற்கப்புறம் எரியவே இல்லை. மேலாளர் அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவைப்பட்டது அவ்வளவுதான். ஒவ்வொரு லைனுக்கும் எல்லா வேலையும் தெரிந்த ஒரு ஆள். யாருக்குப் போக வேண்டுமோ அவள் இடத்தில் அவர் நிற்பார். ரிலீவர் என்று பெயர். ஆண்கள் வேலை செய்யும் பெரிய தொழிற்சாலைகள் பலவற்றில் இது பழைய வழக்கம்தான். இந்தச் சின்னத் தொழிற்சாலைகளில் யாருக்கும் தோன்றவில்லை. முதல் ஒரு வருஷம் அந்த ஆட்களின் சம்பளம் அறக்கட்டளையுடையது, அதற்கப்புறம் உங்கள் இஷ்டம் என்று மேலாளரிடம் பெரியவர் சொன்னார். வருஷம் முடிந்ததும் எங்களைக் கேட்காமலே கம்பெனி அவர்களை வைத்துக்கொண்டது. பெண்கள் லீவு எடுப்பது குறைந்துவிட்டது என்று மேலாளர் ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல எங்களுக்கே விளக்கினார். நாங்களும் ஆச்சரியப்பட்டு வைத்தோம்.

வெளிநாட்டு நிதியம் கையெழுத்துப் போட்டது, ஆனால் திட்டத்தைத் திருப்பி எழுதிவிட்டு. இப்போது எந்த நாட்டில் ஒரு செங்கல் வைப்பதற்கு முன்னாலும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'அவள் போகும்போது அவள் இடத்தில் யார் நிற்பார்?' நீங்கள் நிரப்பப்போகும் படிவத்திலும் அந்தக் கேள்விதான் முதலில் இருக்கிறது. ஏதோ பெரிய ஆராய்ச்சியில் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சூளகிரியில் ஒரு சோப்பு கரையாததால் வந்தது.

அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது சுத்தம் செய்யும் அந்தப் பெண் வாசலில் நின்றிருந்தாள். உள்ளங்கையில் அதே சோப்பு. சந்தன எழுத்து பாதிக்கு மேல் அழிந்து, வழவழவென்று நுரையோடு இருந்தது. "எட்டு ரூமையும் கழுவினேன் மேடம், முதுகு போயித்து" என்று அலுத்துக்கொண்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அடுத்த மாதம் அவளுக்குத் துணையாக இன்னொரு ஆளைப் போடச் சொன்னேன், அதுவும் நடந்தது.

என் கடைசி வாரத்தில் சூளகிரிக்குப் போயிருந்தேன். மஞ்சுளாவுக்கு அந்தத் தொற்று திரும்ப வரவில்லை. இப்போது அவளே மூன்று லைன்களுக்கு ரிலீவர், மற்றவர்களிலிருந்து அடையாளம் தெரிய மஞ்சள் தொப்பி. தங்கை நர்ஸாகி கிருஷ்ணகிரியில் வேலை பார்க்கிறாள். நான் ஓய்வு பெறுகிறேன் என்றதும் மஞ்சுளா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நீங்க போனா உங்க எடத்துல யாரு மேடம் நிப்பாங்க?"

"புதுசா மூணு பேர் வந்திருக்காங்க. நல்லா படிச்சவங்க."

"அவங்களுக்குச் சோப்பு பாக்கத் தெரியுமா?"

"தெரியாது. எழுதி வெச்சிட்டுப் போறேன்."

"நல்லா புரியற மாதிரி எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கண் முன்னால் மடமடவென்று முழுதையும் குடித்தாள்.